யார் பெயரில் நடக்கிறது? திட்டமிட்ட குற்றத்தின் வருமானம் பற்றி மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திட்டமிட்ட குற்றம் என்றால் என்ன? ஊர்ச் சண்டியனும் இதில் சேர்த்தியா?

2000-ஆம் ஆண்டு பலெர்மோவில் கையெழுத்தான ஐ.நா. சமவாயம் இதற்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. மூன்று பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர், ஓரளவு காலம் நிலைத்து, நான்கு ஆண்டுகளோ கூடுதலோ சிறை கிடைக்கக்கூடிய குற்றத்தைக் காசுக்காகச் சேர்ந்து செய்தால் அது திட்டமிட்ட குற்றக் கும்பல். கோபத்தில் கை நீட்டுகிற சண்டியன் இந்த எல்லைக்குள் வரமாட்டான். அதே சண்டியனை மாதக் கூலிக்கு வைத்து வட்டிக் காசு அறவிட அனுப்புகிற ஆள் வருவார்.

பத்திரிகையில் துப்பாக்கிச்சூடு பற்றித்தான் பெரிதாகப் போடுவார்கள். கும்பலைப் பொறுத்தவரை அது செலவுக் கணக்கு. இந்தப் பக்கத்தில் வரவுக் கணக்கை மட்டும் பார்க்கிறோம்.

உலகளவில் எவ்வளவு காசு புரள்கிறது?

ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2011-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2009-இல் குற்றங்களால் வந்த வருமானம் உலக மொத்த உற்பத்தியின் 3.6 வீதம், ஏறத்தாழ 2.1 இலட்சம் கோடி டொலர். அதில் 1.6 இலட்சம் கோடி வங்கிகள், வியாபாரங்கள் வழியாக வெள்ளையாக்கப்பட்டிருக்கலாம் என்றது அந்த அறிக்கை. அரசுகள் பிடித்து முடக்கியது அதில் ஒரு வீதத்துக்கும் கீழே. மதிப்பீடு பழையது. ஆனால் பிடிபடுவது எவ்வளவு சொற்பம் என்பதைக் காட்ட அது போதும்.

வருமானம் எந்தெந்த வழிகளில் வருகிறது?

தடைசெய்த பொருளை விற்பது எல்லாருக்கும் தெரிந்த வழி: ஹெரோயின், ஐஸ் (மெத்தம்பெட்டமைன்), கேரள கஞ்சா, கசிப்பு. சட்டப்படியான பொருளையே வரியோ அனுமதியோ இல்லாமல் விற்பது அடுத்தது: மணல், மரம், தங்கம், சிகரெட். பயமுறுத்தி வாங்குவது இன்னொன்று: கப்பம், அநியாய வட்டி. ஏமாற்றி வாங்குவதும் உண்டு: பிரமிட் திட்டம், இணைய மோசடி, பொய் வெளிநாட்டு வேலை.

இரண்டாவது வழியைப் பலர் குற்றமாகவே எண்ணுவதில்லை. மஞ்சளை நினைத்துப் பாருங்கள். 2019 டிசம்பரில் அரசு மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. உள்ளூர் விளைச்சல் போதவில்லை, விலை பல மடங்கு ஏறியது. சில மாதங்களுக்குள் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகில் மஞ்சள் மூட்டை வரத் தொடங்கி, கடற்படை அதைப் பிடித்து எரிக்கிற நிலை வந்தது. கறிக்குப் போடுகிற சாமான், எந்தக் குணமும் மாறாமல் கடத்தற் பொருளானது. அங்கே ஒரு விலை, இங்கே வேறொரு விலை, நடுவில் ஒரு தடை. கடத்தலின் இலாபமெல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

போதைப்பொருளில் காசு பார்ப்பது யார்? விற்கிற பெடியனா?

இல்லை. விலை எங்கே ஏறுகிறது என்பதைப் பார்த்தால் விளங்கும். பயிர் செய்கிறவனுக்குக் கிடைப்பது கடைசி விலையில் மிகச் சிறிய பங்கு. எல்லையைக் கடக்கும்போதும், கிலோவைக் கிராமாக உடைக்கும்போதும்தான் விலை பாய்கிறது. அந்த இரண்டு இடத்திலும் நிற்பவர்கள் சிலரே.

தெருமுனையில் நிற்பவனின் வருமானத்தை ஒரு கும்பலின் சொந்தக் கணக்கைக் கொண்டே ஆராய்ந்தவர்கள் உண்டு. சிக்காகோக் கும்பல் ஒன்றின் வரவு செலவைப் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட்டும் சமூகவியலாளர் சுதிர் வெங்கடேஷும் ஆராய்ந்து 2000-இல் எழுதினார்கள். அடிமட்டத்தில் விற்றவர்களின் மணிக்கூலி, அந்நாட்டின் ஆகக் குறைந்த சட்டக் கூலியை ஒட்டியே இருந்தது. உயிராபத்தோ மிகப் பெரிது. மேலே ஏறலாம் என்ற ஆசைதான் அவர்களைப் பிடித்து வைத்திருந்தது.

நம் பக்கத்தில் நடப்பதும் இந்த அமைப்புத்தான். பொதியைக் கடனுக்குக் கொடுப்பார்கள். விற்றுக் காசைக் கட்ட வேண்டும். பொலிஸ் பிடித்தாலும், பயத்தில் கடலுக்குள் எறிந்தாலும், தானே பாவித்தாலும் கடன் கடன்தான். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் பெடியன் வேலைக்காரன் நிலையிலிருந்து கடனாளி நிலைக்கு வந்துவிடுவான். விட்டுவிட்டுப் போக முடியாது. சட்டமோ அளவைத்தான் பார்க்கும்: ஹெரோயின் 2 கிராம், ஐஸ் 5 கிராம் (2022 திருத்தத்தின்படி) அல்லது கூடுதலாக இருந்தால் மரண தண்டனையோ ஆயுள் சிறையோ விதிக்கப்படலாம். 1976-க்குப் பிறகு இலங்கையில் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை என்பதால் நடைமுறையில் அது ஆயுட்காலச் சிறை. இலாபம் மேலே போகிறது, இந்தச் சிறை கீழே இருப்பவனின் பெயருக்கு வருகிறது.

மணல் அள்ளுவதை ஏன் இதற்குள் கொண்டுவருகிறீர்கள்? வீடு கட்ட மணல் வேண்டாமா?

வேண்டும். அனுமதியோடு அள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். சிக்கல் அனுமதி எப்படிப் பாவிக்கப்படுகிறது என்பதில்.

முதலில் அளவு. ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். ஆற்று மணல் என்றால் ஏறத்தாழ நாலரைத் தொன். உழவு இயந்திரப் பெட்டி ஒன்றில் சுமார் ஒரு கியூப் போகும், டிப்பரில் சுமார் மூன்று. தோண்டுவதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் உத்தரவுப்பத்திரம் வேண்டும். அதில் இடமும் அளவும் குறிக்கப்பட்டிருக்கும். கொண்டுபோவதற்குத் தனி அனுமதிப்பத்திரம். அதில் வாகன இலக்கம், அளவு, திகதி, பாதை எல்லாம் இருக்கும். இந்தக் கொண்டுசெல்லும் அனுமதியை 2019 டிசம்பரில் அரசு நீக்கியது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அந்த முடிவை இடைநிறுத்தியது. இடையில் போன மணலுக்குக் கணக்கில்லை.

களவு நடக்கிற முறைகள் பழையவை. ஒரு பத்திரத்தில் ஒரு நாளைக்கு நாலு ஓட்டம் ஓடுவது. மூன்று கியூப்புக்குப் பத்திரம் இருந்தால் பன்னிரண்டு கியூப் போய்விடும், ஒன்பது கியூப்புக்கு அரசுக்கு ஒரு சதமும் இல்லை. ஓர் இடத்துப் பத்திரத்தைக் காட்டி வேறோர் ஆற்றில் அள்ளுவது. பெட்டிக்கு மேலே பலகை வைத்து உயர்த்துவது. இரவு ஓட்டம். இவற்றில் எதுவும் தனி ஆளால் தொடர்ந்து செய்ய முடியாது. வழியில் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் வேண்டும், அவர்களுக்குப் பங்கு போக வேண்டும். அந்தப் பங்கை ஒழுங்காகச் சேர்த்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வந்த நாளில் மணல் வியாபாரம் கும்பலாகிறது.

பிடிபட்டால் யார் பெயர் வருகிறது? சாரதி. அடுத்து வாகனச் சொந்தக்காரர். உழவு இயந்திரம் அநேகமாக லீசிங்கில் எடுத்ததாக இருக்கும். நீதிமன்றம் வாகனத்தைப் பறிமுதல் செய்யலாம், தவணை மட்டும் நிற்காது. மணலை மொத்தமாக வாங்கிக் குவித்து விலை ஏறும்போது விற்பவரின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இராது.

முந்தனை ஆறு, மாதுறு ஓயா போன்ற ஆறுகளில் படுக்கை தாழ்ந்தால் கரை இடிகிறது, அருகிலுள்ள கிணறுகளில் நீர்மட்டம் இறங்குகிறது, முகத்துவாரப் பக்கமாக உப்புநீர் ஏறி வயலைத் தொடுகிறது. வேளாண்மைக்காரர் இதைக் கையேடு இல்லாமலே சொல்வார். வாங்குகிறவர் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது: மணல் இறக்கும்போது கொண்டுசெல்லும் பத்திரத்தைக் கேட்டு, வாகன இலக்கமும் திகதியும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் வட்டி, மீட்டர் வட்டி: இதில் எவ்வளவு போகிறது?

ஒரு வழக்கமான கணக்கை எடுப்போம். 10,000 ரூபா கடன் என்பார்கள். முதல் வட்டி என்று 1,000 கழித்து 9,000 கையில் தருவார்கள். நாளுக்கு 200 வீதம் 60 நாள் கட்ட வேண்டும், மொத்தம் 12,000. கேட்பதற்குப் பெரிதாகத் தெரியாது, இருபது வீதம் போல இருக்கும். ஆனால் முழு 9,000-உம் 60 நாளும் உங்கள் கையில் இல்லை, முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறீர்கள். சரியாகக் கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு ஒரு வீதம் வருகிறது. ஆண்டுக்கு 365 வீதம்.

இதற்கு ஆபத்தில்லாத காலம் எதுவென்றால் வேளாண்மை வெட்டி முடிந்த காலம். ஆபத்தான காலம் விதைப்புக்கும் வெட்டுக்கும் இடைப்பட்ட மாதங்கள், கடலுக்குப் போக முடியாத வாடைக் காலம். வரவு பருவத்துக்கு ஒருமுறை, தவணை நாளுக்கு ஒருமுறை. இரண்டும் பொருந்தாத இடத்தில் இரண்டாவது கடன் வாங்கி முதல் கடனைக் கட்டுவது தொடங்குகிறது.

கும்பலுக்கு இதில் இரண்டு வரவு. வட்டி ஒன்று. போதைப்பொருளிலோ மணலிலோ வந்த கணக்கில்லாக் காசை ஊருக்குள் இறக்கி, தவணைக் காசாகத் திருப்பி எடுப்பது மற்றது. கடன் கொடுத்ததற்குக் கொப்பியில் கணக்கு இருந்தால், வருகிற காசுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

பிணையாக அவர்கள் கேட்பதைக் கவனியுங்கள்: எழுதாத காசோலையில் கையெழுத்து, ஏ.டி.எம். அட்டையும் இரகசிய இலக்கமும், சமுர்த்தி அல்லது அஸ்வெசும வங்கிப் புத்தகம், காணி உறுதி. இதில் வெற்றுக் காசோலை மிகவும் கெட்டது. 1990-ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ், கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது குற்றம். வட்டிக்காரர் தொகையை எழுதி வங்கியில் போட்டுத் திருப்பிவிட்டால் குற்றவாளிக் கூட்டில் நிற்பது நீங்கள்.

உங்கள் பக்கத்திலும் சட்டம் இருக்கிறது, இதைப் பலர் அறியார். கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின்படி, கடனுக்குப் பிணையாக எழுதும் வாக்குறுதிப் பத்திரத்தில் உண்மையில் கையில் கிடைத்த முதல், முன்கூட்டிக் கழித்த தொகை, ஆண்டு வட்டி வீதம் மூன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் கொடுத்த கடனில் வட்டியாக அறவிடக்கூடிய தொகை முதலை விஞ்ச முடியாது. கடிதம் வந்தால் பயந்து இன்னொரு கடன் எடுக்காமல், சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் பத்திரங்களோடு போங்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சட்டத்தரணிகளுக்கு இந்த வாதம் நன்றாகத் தெரியும்.

கப்பம் கேட்டால்?

கப்பம் கேட்பவர் விற்பது பாதுகாப்பு. யாரிடமிருந்து பாதுகாப்பு என்றால் தன்னிடமிருந்துதான். முதல் தொகை வேண்டுமென்றே சிறிதாக இருக்கும், கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று தோன்றும். கட்டுவீர்கள் என்று தெரிந்ததும் அது மாதக் கணக்காகும். அழைப்பு வந்த இலக்கம், நேரம், சொன்ன சொற்கள் இவற்றை அன்றே எழுதி வைத்து முறைப்பாடு செய்யுங்கள். உள்ளூர்ப் பொலிஸில் நம்பிக்கை இல்லையென்றால் மேலதிகாரி அலுவலகத்திலோ குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திலோ கொடுக்கலாம். கேட்பவர் அரச உத்தியோகத்தர் என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கம் இருக்கிறது.

பிரமிட் திட்டத்தில் முதலில் சேர்ந்தவர்களுக்குக் காசு கிடைத்ததே?

கிடைத்தது. கிடைக்காவிட்டால் அடுத்தவர் சேரமாட்டார். அந்தக் காசு பின்னால் சேர்ந்தவரின் காசு.

ஒவ்வொருவரும் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர், ஐந்து, இருபத்தைந்து, 125, 625 என்று போய், ஒன்பதாம் படியில் மட்டும் 390,625 பேர் வேண்டும். அதுவரை சேர்ந்தவர்களோடு மொத்தம் 488,281. மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகையே 2012 கணக்கெடுப்பில் ஐந்தேகால் இலட்சம் அளவுதான். கைக்குழந்தையையும் சேர்த்தாலும் பத்தாம் படிக்கு ஆளில்லை. அந்த நேரத்தில் எல்லாருக்கும் கீழே நிற்பவர்கள் நூற்றுக்கு எண்பது பேர். அந்த எண்பது பேரின் காசு போய்விட்டது. இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் இல்லாமல், பெருக்கல் வாய்பாட்டால் மட்டுமே நடக்கும்.

வங்கித்தொழில் சட்டத்தின் 83சீ பிரிவு இத்தகைய திட்டங்களைத் தடைசெய்கிறது. நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் குற்றம். ஆகவே மச்சாளையும் மாமியையும் சேர்த்துவிட்ட நீங்களும் சட்டத்தின் கண்ணில் ஊக்குவித்தவர். தடைசெய்யப்பட்டதாக மத்திய வங்கி அறிவித்த நிறுவனங்களின் பெயர்கள் அதன் இணையத்தளத்தில் உள்ளன. 2023 ஆகஸ்டில் பல நாடுகளில் ஒரே சமயத்தில் காசை மறித்துக்கொண்டு போன எம்.ரி.எஃப்.ஈ. செயலியும் அதில் ஒன்று. சந்தேகமென்றால் மத்திய வங்கியின் 1935-ஐ அழையுங்கள், கேட்பதற்குக் காசில்லை.

ஊர்ச் சீட்டு இதுவல்ல. சீட்டில் ஆட்களின் எண்ணிக்கை நிலையானது. கட்டியதை முறை வைத்து எடுக்கிறார்கள், புதிய ஆள் வந்தால்தான் காசு என்ற நிலை இல்லை. சீட்டுப் பிடித்தவர் ஓடிவிடுவது வேறு துன்பம்.

"கணக்கை வாடகைக்குத் தா" என்கிறார்கள். அதில் என்ன பிழை?

"தம்பி, ஒரு கிழமைக்கு உன்ட ஏ.டி.எம். கார்ட்டைத் தா, மாசம் அஞ்சாயிரம் தாறன்." கேட்பவர் அநேகமாகத் தெரிந்த ஆளாகவே இருப்பார், ஒன்றாகப் படித்தவராகக்கூட இருப்பார். அட்டையோடு இரகசிய இலக்கமும், கணக்கில் பதிந்த சிம்மும் கேட்பார்கள். சிம் எதற்கு என்றால், வங்கி அனுப்பும் கடவு இலக்கம் அதற்குத்தான் வரும்.

மறுமுனையில் நடப்பது இது. டெலிகிராமிலோ வட்ஸ்அப்பிலோ ஒருவருக்கு வேலை வருகிறது: காணொளிக்கு விருப்பக்குறி போட்டால் காசு. முதல் நாள் சில நூறு ரூபா உண்மையாகவே வரும். பிறகு "மேல்நிலை வேலை"க்கு வைப்புக் கட்டச் சொல்வார்கள். அதுவும் ஒருமுறை இலாபத்தோடு திரும்பி வரும். மூன்றாம் நாலாம் முறை பெரிய தொகை கட்டியதும் "கணக்குப் பூட்டிவிட்டது, திறக்க வரி கட்டுங்கள்" என்பார்கள். வரி, அபராதம், சேவைக் கட்டணம் என்று கறந்துகொண்டே போவார்கள். கட்டிய காசெல்லாம் போய் விழுவது உங்கள் பெயரிலுள்ள கணக்கில். சில நிமிடங்களில் அடுத்த கணக்குக்கும், அங்கிருந்து கிரிப்டோ எனப்படும் இணைய நாணயத்துக்கும் மாறிவிடும். 2024 ஒக்டோபரில் இலங்கையின் பல ஊர்களில் இணைய மோசடி தொடர்பில் நூற்றுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் கைதானார்கள்.

காசைப் பறிகொடுத்தவர் முறைப்பாடு செய்தால் அவரிடம் இருக்கிற ஒரே தடயம் உங்கள் கணக்கு இலக்கம். ஆகவே பொலிஸ் முதலில் வருவது உங்கள் வாசலுக்கு. 2006-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின்படி, குற்றத்தால் வந்த காசென்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதைக் கையாண்டால் 5 முதல் 20 ஆண்டு சிறை விதிக்கலாம். தொகைக்குக் குறையாத, மூன்று மடங்குக்கு மேற்படாத அபராதமும் உண்டு. அஞ்சாயிரத்துக்கு இது.

உண்டியலில் காசு அனுப்புவதும் குற்றக் கும்பலுக்கு உதவியா? கட்டாரிலிருந்து மகன் அனுப்பும் உழைத்த காசுதானே?

மகனின் காசு நேர்மையானது. உங்கள் கைக்கு வரும் நோட்டு அவன் கொடுத்த காசு இல்லை. சிக்கல் அங்கேதான்.

மகன் தோஹாவில் முகவரிடம் றியால் கொடுக்கிறான். இங்கே இன்னொருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ரூபா தருகிறார். எல்லையைத் தாண்டி எதுவும் வரவில்லை. அங்கே றியால் குவிகிறது, இங்கே ரூபா குறைகிறது, அதை எப்படியோ சரிக்கட்ட வேண்டும். சிலர் இறக்குமதிப் பொருளின் விலையைக் குறைத்துக் காட்டி, மீதியை வெளியில் கட்டிச் சரிக்கட்டுவார்கள். சிலர் தங்கத்தால். போதைப்பொருள் விற்பவரிடம் இருப்பது இதற்கு நேர் எதிரான பிரச்சினை: இங்கே ரூபாக் கட்டுகள் குவிந்திருக்கின்றன, சரக்கு வாங்கியதற்கு வெளிநாட்டில் டொலர் கட்ட வேண்டும். மகனிடம் அங்கே வெளிநாட்டுக் காசு இருக்கிறது, இங்கே ரூபா வேண்டும். உண்டியல்காரர் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் இரண்டு பேரின் தேவையும் தீரும். அந்த ஹெரோயின் காசு உங்கள் வீட்டுச் செலவாகவும், மகனின் வியர்வை அடுத்த சரக்கின் விலையாகவும் போய்விடும். முகவர் எல்லாரும் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. வாங்குகிறவருக்கு வேறுபாடு தெரிய வழியே இல்லை.

சனம் உண்டியலுக்குப் போனதற்குக் காரணம் பேராசை என்று சொல்வது அநியாயம். 2021-இன் பிற்பகுதியிலும் 2022-இன் தொடக்கத்திலும் வங்கி வீதம் டொலருக்கு 203 ரூபா அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது, வெளியே அதைவிடக் கூடக் கிடைத்தது. வங்கி வழியாக வந்த பணம் 2020-இல் 7.1 பில்லியன் டொலராக இருந்து 2022-இல் 3.8 பில்லியனுக்கு இறங்கியது. வீதத்தைத் தளர்த்திய பிறகு, 2023-இல் ஏறத்தாழ 6 பில்லியனுக்கு மீண்டது. இடைவெளி சுருங்கியதும் சனம் தானாகவே வங்கிக்குத் திரும்பியது.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் எங்கே காசு பார்க்கிறார்கள்?

படகுப் பயணத்தில், ஏறுவதற்கு முன்பே. பாதி முற்பணம், மீதி போய்ச் சேர்ந்த பிறகு என்பார்கள். முற்பணத்திலேயே பழைய படகு, எரிபொருள், இலாபம் எல்லாம் அடங்கிவிடும். ஆகவே படகு போய்ச் சேர்வதும் சேராததும் ஒழுங்கமைத்தவரின் கணக்கைப் பெரிதாகப் பாதிக்காது. பயணிக்கு அப்படியில்லை: காணியை ஈடுவைத்து, நகையை விற்றுக் கட்டியிருப்பார். 2012-இல் கிழக்குக் கரையிலிருந்தும் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். 2013 செப்டெம்பரிலிருந்து அந்த நாடு படகில் வருபவர்களைத் திருப்பி அனுப்புகிறது. ஆனாலும் "இந்த முறை விடுவாங்கள்" என்று சொல்லி ஆள் சேர்ப்பவர்கள் நிற்கவில்லை. 2022 நவம்பரில் கனடாவுக்கென்று புறப்பட்ட 303 இலங்கையர் நடுக்கடலில் தத்தளித்து, வழியே வந்த கப்பலால் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள்.

வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய் விற்பது வேறு. தாய்லாந்தில் கணினி வேலை என்பார்கள். சுற்றுலா விசாவில் பாங்கொக், அங்கிருந்து வாகனத்தில் மே சொட், ஆற்றைக் கடந்தால் மியன்மாரின் மியாவடி. அங்கே கடவுச்சீட்டைப் பறித்து, மேலே சொன்ன அதே டெலிகிராம் மோசடியை இவர்களைக் கொண்டே செய்விப்பார்கள். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது. இலங்கை இளைஞர்களும் அங்கிருந்து மீட்கப்பட்டிருக்கிறார்கள். "விசிட் விசாவில போ, அங்க போய் மாத்தலாம்" என்ற சொல் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். முகவருக்கு உரிமம் இருக்கிறதா, இந்த நாட்டில் இந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி இருக்கிறதா என்ற இரண்டையும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989-இல் கேளுங்கள். உரிமம் இருக்கும், அந்த வேலைக்கு அனுமதி இராது. அப்படியும் நடக்கிறது.

கறுப்புக் காசை வெள்ளையாக்குவது நம் ஊரில் எப்படித் தெரியும்?

உள்ளே இறக்குவது, கைமாற்றி மறைப்பது, சொத்தாக மாற்றுவது என்று மூன்று கட்டம். காசாகவே புரளும் வியாபாரம் முதல் கட்டத்துக்கு வசதி. வாடிக்கையாளர் இல்லாமலே மாதக் கணக்காகத் திறந்திருக்கும் கடை, சந்தை விலையைவிட மிகக் கூட்டிக் காணி வாங்குகிற ஆள், வருமானமே இல்லாத உறவினர் பெயரில் எழுதிய உறுதி, ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் காசுக்கே வாங்கும் வாகனங்கள். இதில் ஒன்றைக் கண்டதும் கள்ளன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெளிநாட்டில் இருபது ஆண்டு உழைத்தவரும் காசுக்கே காணி வாங்குவார்.

சட்டம் பார்க்கிறது வேறு விதம். ஒருவரின் தெரிந்த வருமானத்தால் வாங்க முடியாத சொத்து குற்றத்தால் வந்ததாகவே கருதப்படும், இல்லையென்று காட்டுவது சொந்தக்காரரின் பொறுப்பு. 2025-இல் நிறைவேறிய குற்ற வருவாய்கள் பற்றிய சட்டம் இன்னும் ஒரு படி போகிறது: குற்றத் தீர்ப்பு வராமலே நீதிமன்ற வழியில் சொத்தைப் பறிமுதல் செய்ய அது இடம் தருகிறது. "மாமா, உங்கட பேரில ஒரு காணி எழுதிவிடுறன், வரிப் பிரச்சினைக்காக" என்று கேட்கப்படும் மாமாமார் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வங்கியில் "இந்தக் காசு எங்கிருந்து?" என்று கேட்டால் என்னைச் சந்தேகிக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. 2006-ஆம் ஆண்டின் 6-ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், பத்து இலட்சம் ரூபாவும் அதற்கு மேலும் காசாகப் புரண்டால் வங்கி அதை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவித்தே ஆக வேண்டும். நெல் விற்ற பற்றுச்சீட்டு, காணி உறுதியின் பிரதி, வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தின் சீட்டு என்று ஏதாவது கொடுத்தால் வேலை முடிந்தது. கேள்விக்குப் பயந்து ஒன்பது இலட்சம், ஒன்பது இலட்சமாகப் பிரித்துப் போடாதீர்கள். பிரித்துப் போடுவதுதான் சந்தேகத்துக்குரிய கொடுக்கல்வாங்கலாகத் தனியாக அறிவிக்கப்படும். நேர்மையான காசுக்காரர் தம் கையாலேயே தம்மைச் சிக்க வைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

அட்டையைக் கொடுத்துவிட்டேன், அல்லது காசைப் பறிகொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதல் வேலை வங்கி. அட்டையின் பின்புறத்திலோ செயலியிலோ உள்ள 24 மணிநேர இலக்கத்தை அழைத்து அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்துங்கள். காசை அனுப்பியவர் என்றால், எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று சொல்லிப் பெறுகிற வங்கிக்கும் உடனே அறிவிக்கச் சொல்லுங்கள். காசு அடுத்த கணக்குக்குத் தாவ நிமிடங்களே போதும், ஆகவே பொலிஸுக்குப் போய்விட்டு வங்கிக்குப் போவது பிழையான வரிசை. பொலிஸ் உயர் அதிகாரி ஒரு கணக்கை 7 நாட்களுக்கு முடக்க உத்தரவிடலாம், அதற்கு மேல் நீடிக்க மேல் நீதிமன்றம் போக வேண்டும்.

இரண்டாவது, எதையும் அழிக்காதீர்கள். வெட்கத்தில் உரையாடலை அழித்துவிடுகிறவர்கள் பலர். மறுமுனையில் இருப்பவர் தன் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் அழிக்கக்கூடும் என்பதால் உடனே திரையைப் படம் பிடித்து (ஸ்கிரீன்ஷொட்) வையுங்கள்: பெயர் மட்டும் போதாது, தொலைபேசி இலக்கமும் பயனர் முகவரியும் தெரிய வேண்டும். வங்கிக் கூற்று, பற்றுச்சீட்டு, கணக்கு இலக்கம் எல்லாவற்றையும் ஒரு தாளில் திகதி வரிசையில் எழுதுங்கள். அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிந்து, அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இணையக் குற்றம் என்றால் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கும் எழுதலாம். தொழில்நுட்ப உதவிக்கு இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் 101 இருக்கிறது.

அட்டையைக் கொடுத்தவர் என்றால் பொலிஸுக்குப் போகுமுன் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள், ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். முறைப்பாடு உங்கள் மேல் வருமுன் நீங்களாகப் போய் அட்டையை யாரிடம், எப்போது, எவ்வளவுக்குக் கொடுத்தீர்கள் என்று சொல்வதும், பிடித்துக் கொண்டுவந்த பிறகு சொல்வதும் நீதிமன்றத்தில் ஒன்றாக எடுபடாது.

இதற்குப் பிறகு ஓர் அழைப்பு வரும்: "உங்கட காசை மீட்டுத் தாறம், முதலில ஒரு கட்டணம் கட்டுங்கோ." உங்கள் இலக்கம் அவர்களுக்குக் கிடைத்ததே முதலில் ஏமாற்றியவர்களின் பட்டியலிலிருந்துதான். கட்டாதீர்கள், அந்த இலக்கத்தையும் முறைப்பாட்டில் சேருங்கள்.